பழம்பெட்டியின் பன்னிரு கம்பிகள்

மலர்க்குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, கல்லூரி நினைவுகள் எவையேனும் எழுதுமாறு பணித்தனர். கல்லூரியின் தோற்றம், வளர்ச்சி, அதிபர்களின் தொண்டு என்பனவற்றை என்னினும் வல்லோர் எழுதுவர். நான் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. மோட்டார் வாகனத்திற் பூட்டிக் கழற்றிய பழைய ஒலிப்பெட்டி ஒன்றின் பின்னே தொங்கும் கம்பிகளுள் எது எதற்குரியது என்று கண்டறிவது எவ்வாறு என்பதே அது. விழா மலருக்கு இஃது ஏற்றதோ எனச் சிலர் ஐயுறலாம். நம் பௌதிக ஆய்வுகூடத்தில் யான் கற்றவற்றுள் நாற்பதாண்டு கழிந்தும் கைவிட்டுப் போகாதது இதுவே; ஆதலின் துணிந்தேன்.

என் தங்கை மகன் மன்னாரில் வான் ஓட்டிப் பிழைப்பவன். காலையிற் பேசாலைப் பக்கத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றி வருவான்; வெள்ளிக்கிழமைகளிலே திருக்கேதீச்சரத்துக்கு அடியார்களைக் கொண்டுபோவான். வான், இருபதாண்டுக்கு மேல் உழைத்த ரொயோட்டா. அவன் தந்தையார், அதாவது என் மைத்துனர், 1980களிற் சவூதி அரேபியாவிலே தொழில் பார்த்தவர். கடிதம் எழுதுவதற்குப் பதிலாக ஒலிநாடாவிற் பேசி, ஊருக்கு வருவோர் கையிற் கொடுத்தனுப்புவது அக்காலத்தில் வளைகுடா நாடுகளுக்குப் போனோரிடையே இருந்த வழக்கம். அவரும் மூன்று நாடாக்கள் அனுப்பினார். திரும்பி வந்து சில ஆண்டுகளிலே காலமானார். இடப்பெயர்வுகளில் இரண்டு நாடாக்கள் போயின. ஒன்று மட்டும் என் தங்கையின் விசுக்கோத்துத் தகரத்துள், காணி உறுதிகளோடும் பிறப்புச் சான்றிதழ்களோடும் கிடந்து தப்பியது.

நாடா தப்பியும் அதனைக் கேட்கக் கருவி இல்லை. வீட்டுக் கருவி துருப்பிடித்து நெடுங்காலமாயிற்று. இன்று கடைகளில் விற்கும் வாகன ஒலிப்பெட்டிகளிற் கசெற் நுழையும் வாயே இல்லை. எனவே மருமகன் பலவிடம் அலைந்து, பழம்பொருட் கடையொன்றில் யப்பான் நாட்டுக் கசெற் பெட்டி ஒன்றை வாங்கி வந்தான். அதனை முன்பு வாகனத்தினின்றும் எடுத்தவர் எவரோ, செருகியைக் கழற்றும் பொறுமையின்றிக் கம்பிகளை ஒரு சாண் விட்டு வெட்டியிருந்தார். மஞ்சள், சிவப்பு, கறுப்பு, நீலம் என நான்கு. வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா என்பன தனியாக ஒவ்வொன்றும், கறுப்புக் கோடிட்டு ஒவ்வொன்றுமாக எட்டு. ஆகப் பன்னிரண்டு. வானின் பக்கத்திலும் இரு செருகிகளில் ஏறக்குறைய அத்தனை கம்பிகள் நின்றன.

“நிறத்துக்கு நிறம் முறுக்கிவிட்டால் சரிதானே மாமா? கறுப்பெண்டால் ஏர்த்துத்தானே?” என்றான்.

“முறுக்காதே தம்பி, முதலில் அளந்து பார்ப்போம்” என்றேன்.

அவன் கேள்வி அறிவற்ற கேள்வியன்று. பெட்டியின் பக்கம் அவன் சொன்னதே முறை. கடைகளில் தனியாக விற்கப்படும் ஒலிப்பெட்டிகளுக்கு உற்பத்தியாளர் பலரும் ஒத்துக்கொண்ட நிற வழக்கு ஒன்றுண்டு. மஞ்சள், பற்றறியிலிருந்து எந்நேரமும் வரும் 12 வோல்ற்று. சிவப்பு, திறப்பைத் திருப்பினால் மட்டும் வருவது. கறுப்பு, ஏர்த்து. நீலம், மின்சாரத்தால் உயரும் ஏரியலுக்குப் பெட்டி கொடுப்பது. அது கொடுக்கும் கம்பியேயன்றி வாங்கும் கம்பியன்று. வெள்ளை முன் இடம், சாம்பல் முன் வலம், பச்சை பின் இடம், ஊதா பின் வலம். கோடில்லாதது நேர், கோடிட்டது மறை.

வானுக்குள் ஓடும் கம்பிகளோ இவ்வழக்கை அறியா. அவை தொழிற்சாலையிலே பூட்டுவோருக்காக நிறமிடப்பட்டவை. செருகியோடு செருகி பொருந்தினால் நிறத்தை எவரும் படிக்க வேண்டியதில்லை. அக்காலத்து ரொயோட்டா வாகனங்கள் பலவற்றிற் பற்றறியிலிருந்து நேரே வருவது மஞ்சட் கோடிட்ட நீலம். திறப்போடு வருவது சாம்பல். ஏர்த்து, கபிலம். இரவு விளக்கோடு வருவது பச்சை. முன் வல ஒலிபெருக்கிக்கு இளம்பச்சையும் நீலமும், முன் இடத்துக்கு இளஞ்சிவப்பும் ஊதாவும், பின் வலத்துக்குச் சிவப்பும் வெள்ளையும், பின் இடத்துக்குக் கறுப்பும் மஞ்சளும்.

இனி, நிறத்துக்கு நிறம் முறுக்கியிருந்தால் நேரக்கூடியதைப் பாருங்கள். கறுப்போடு கறுப்பைச் சேர்த்தால் பெட்டியின் ஏர்த்துப் பின் இட ஒலிபெருக்கியிற் போய் நிற்கும். மஞ்சளும் சிவப்பும் அவ்வாறே ஒலிபெருக்கிகளைத் தேடிப் போகும். பெட்டிக்கு உயிர் வராது. அம்மட்டோடு நின்றால் நட்டமில்லை. பெட்டியின் சாம்பற் கம்பி ஒலியை வெளியே அனுப்புவது. வானின் சாம்பற் கம்பி 12 வோல்ற்றை உள்ளே கொணர்வது. திறப்பைத் திருப்பிய கணமே பற்றறியின் வலு முழுவதும், ஒலிபெருக்கும் சில்லின் வாயிலிலே பின்புறமாகப் புகும். நல்வினை இருந்தால் வானின் உருகி முந்திக்கொண்டு எரியும். இல்லையேற் சில்லு எரியும். பச்சையின் வஞ்சகம் இதனிலும் பெரிது. பகல் முழுவதும் அது பேசாமற் கிடந்து, இரவில் விளக்கைப் போடும்போதுதான் தன் வேலையைக் காட்டும். வங்காலை வீதியில் இருட்டிலே வானுக்குள் புகை எழுந்தால், பச்சையோடு பச்சையைச் சேர்த்ததுதான் காரணம் என்று யாருக்குத் தோன்றும்?

மொழியிலும் இத்தகைய தொல்லை உண்டு. ‘பேசினார்’ என்று நாம் சொன்னால் ஏசினார் என்று பொருள் கொள்வாரே நம்மிடையே மிகுதி. கடலுக்கு அப்பால் இராமேச்சுரத்தில் அதே சொல் வெறும் உரையாடலைத்தான் குறிக்கும். சொல் ஒன்று, ஊர் இரண்டு. கம்பிகளின் நிறமும் அத்தகையதே. கறுப்பு ஏர்த்தென்பது இயற்கையின் விதியன்று, ஒரு கூட்டத்தாரின் பேச்சு வழக்கு.

ஏர்த்து என்னும் சொல்தானும் என்றும் ஒரே பொருள் தந்ததில்லை. நம் தந்தையார் காலத்து வாடகை மோட்டார்களான ஒஸ்ரின், மொறிஸ் மைனர் முதலியவற்றை மூத்த பழைய மாணவர்கள் மறந்திரார். 1960கள் வரை இங்கு வந்த பிரித்தானிய வாகனங்கள் பலவற்றிற் பற்றறியின் நேர் முனையே வாகனத்தின் இரும்புடலோடு பூட்டப்பட்டிருந்தது. அத்தகைய காரில் இக்காலத்துப் பெட்டியைப் பூட்டினால், பெட்டியின் உலோக மூடி மறை, காரின் உடல் நேர். ஓர் ஆணியை இறுக்கினாலே இரண்டும் முட்டிக்கொள்ளும். அக்கால வானொலிப் பெட்டிகள் சிலவற்றில் எந்த முனை ஏர்த்தோ அதற்கேற்ப மாற்றிக்கொள்ளும் வசதி வைத்திருந்தனர்.

கல்லூரியில் எங்களுக்குப் பௌதிகம் கற்பித்த ஆசிரியர் ஒருவர், ஒரு மரப்பெட்டிக்குள் மின்கலமும் தடைகளும் வைத்து மூடி, வெளியே ஆறு முனைகளை மட்டும் விட்டு, “உள்ளே என்ன இருக்கிறதென்று திறவாமற் சொல்” என்பார். முனைகளில் அவர் வேண்டுமென்றே பொருந்தாத நிறங்களைப் பூசியிருப்பார். கல்வனோமானியும் ஒரு மின்குமிழுமே கருவிகள். அந்தப் பயிற்சிக்குப் புள்ளி கிடையாது. சோதனையிலும் அது வராது. ஆயினும் 1990களில் வடபகுதியெங்கும் மின்சாரமின்றியும் உலர்மின்கலங்களுக்குத் தடையிருந்தும், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவின் மின்னாற் செய்தி கேட்ட இரவுகளில், அந்த மரப்பெட்டியை நான் பலமுறை நினைத்ததுண்டு. டைனமோ தருவது ஆடலோட்டம். வானொலி வேண்டுவது நேரோட்டம். இடையிலே இருவாயி ஒன்றை எத்திசையில் வைப்பதென்பதை நிறம் சொல்லாது, அளவுதான் சொல்லும்.

அன்று மாலை வீட்டு முற்றத்தில் முதலிற் பெட்டியை ஆராய்ந்தோம். மின்சாரம் எதுவும் கொடாமல், பல்மானியின் ஒரு முனையைப் பெட்டியின் உலோக மூடியில் வைத்து, மறுமுனையாற் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தொட்டோம். கறுப்பு ஒன்றே ஏறக்குறைய சுழியத் தடை காட்டியது; ஆகவே அதுவே ஏர்த்து. பின் மேல்மூடியைக் கழற்றினோம். வெப்பம் போக்கும் தடித்த அலுமினியத் துண்டோடு இறுக்கியிருந்த நீண்ட சில்லுதான் ஒலிபெருக்கும் உறுப்பு. எட்டுக் கம்பிகளின் தடங்கள் அதனை நோக்கி ஓடின. மஞ்சள், கம்பிச் சுருளொன்றின் வழியாகத் தடித்த தடத்திற் போயிற்று. சிவப்பின் தடம் மெலிந்தது. அது பெட்டியை எழுப்பும் கட்டளையே அன்றிப் பெட்டியின் உணவன்று. இவ்வளவும் நிற வழக்கோடு ஒத்தது. ஒத்ததென்று கண்டபின் நம்புவதற்கும், காணாமல் நம்புவதற்கும் வேற்றுமை உண்டு.

பெட்டிக்கு முதன்முறை உயிர் கொடுப்பதில் ஒரு தந்திரம் சொல்கிறேன், மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம். மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாகச் சேர்த்துப் பற்றறியின் நேர் முனையோடு நேரே இணைக்க வேண்டா. இடையிலே வாகனத்தின் பிரேக்கு விளக்குக்குரிய 21 வாற்று மின்குமிழ் ஒன்றை வையுங்கள். பெட்டிக்குள் எங்கேனும் குறுக்குச் சுற்று இருந்தால் குமிழ் முழு ஒளியோடு எரியும், ஓட்டம் 2 அம்பியரைத் தாண்டாது, பெட்டி தப்பும். பெட்டி நலமாயின் குமிழ் மங்கலாகவோ எரியாமலோ நிற்கும். எங்கள் குமிழ் ஒருமுறை சிமிட்டி அடங்கிற்று. பெட்டியின் முகத்தில் எண்கள் ஒளிர்ந்தன. சிவப்பை எடுத்தோம், முகம் இருண்டது. மீண்டும் கொடுத்தோம், மணிக்கூடு விட்ட இடத்திலிருந்தே ஓடியது. மஞ்சளின் கடமை அதுதான். மஞ்சளையும் சிவப்பையும் மாற்றிக் கொடுத்தவர்கள், ஒவ்வொரு காலையும் மணிக்கூடு தொடக்கத்துக்குத் திரும்பி நிற்பதைக் கண்டு பெட்டியை வைவார்கள்.

அடுத்து வான். சிறு மின்குமிழ் ஒன்றின் ஒரு முனையை உடலின் வெற்றிரும்பிலே கவ்வவிட்டு, மறுமுனையாற் செருகியின் ஒவ்வொரு துளையையும் தொட்டோம். திறப்பு எடுத்திருக்கையில் எரிந்தது மஞ்சட் கோடிட்ட நீலம் ஒன்றே. திறப்பை முதல் நிலைக்குத் திருப்ப, சாம்பலும் எரிந்தது. விளக்கைப் போட, பச்சை. குமிழின் மறுமுனையை நிரந்தர மின்னில் வைத்துத் தொட்டபோது கபிலத்தில் எரிந்தது, அது ஏர்த்து. ஓர் எச்சரிக்கை: காற்றுப்பை உள்ள வாகனங்களில் மஞ்சள் உறைக்குள் ஓடும் கம்பிகளை எக்காரணங்கொண்டும் இவ்வாறு தொடலாகாது. அவை காற்றுப்பைக்குரியவை. இந்த வானில் அத்தகையது இல்லை.

எஞ்சிய எட்டும் ஒலிபெருக்கிகளுக்குரியன. எட்டிலிருந்து இரண்டிரண்டாக எடுத்தால் இருபத்தெட்டுச் சோடி. எனினும் பல்மானி 4 ஓமுக்குச் சற்றுக் கீழே காட்டியவை நான்கே சோடிகள். எது எந்த மூலை என்பதை அறிய, மருமகனின் சிறுமகளைப் பின் ஆசனத்தில் இருத்தினோம். 1.5 வோல்ற்று மின்கலத்தை ஒரு சோடியில் ஒரு கணம் தொட்டால் ஒலிபெருக்கி ‘கறக்’ என்னும். “பின்னுக்கு, சோத்துக்கைப் பக்கம்!” என்று அவள் கூவக் கூவ நான் எழுதிக்கொண்டேன். பல்மானியிலும் அவள் செவி விரைவாயிருந்தது.

அம்மட்டில் நிறுத்தாமற் கூம்பின் அசைவையும் பார்த்தோம். கலத்தின் நேர் முனை ஒலிபெருக்கியின் நேர் முனையைத் தொட்டால் கூம்பு வெளியே தள்ளும். மாறியிருந்தால் உள்ளே இழுக்கும். பின் இட ஒலிபெருக்கி உள்ளே இழுத்தது. முன்னொருகால் கதவைத் திறந்து பூட்டிய எவரோ முனைகளை மாற்றியிருந்தனர். அப்படியே விட்டிருந்தாலும் ஒலி வந்திருக்கும். ஆனால் ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுப்பதால் தாழ்ந்த சுருதி ஒன்றையொன்று தின்றுவிடும். ஆண்குரல் வெறுமையாய்க் கேட்கும். இந்த வானில் வேறெதற்காகவேனும் இதனைப் பொருட்படுத்தாமல் விட்டிருப்போம். அந்த நாடாவுக்காக விடவில்லை.

இன்னொன்று. பழைய வானொலிகளில் ஒலிபெருக்கியின் ஒரு முனையை உடலோடு இணைப்பது வழக்கமாயிருந்தது. அப்பழக்கத்தில் இன்றும் சிலர் மறைக் கம்பிகள் நான்கையும் ஒன்றாக்கி ஏர்த்திற் கட்டுகின்றனர். இத்தகைய பெட்டிகளில் ஓசையில்லாதபோதும் ஒவ்வோர் ஒலிபெருக்கியின் இரு முனைகளிலும் ஏறத்தாழ 6 வோல்ற்று நிற்கும். இரண்டும் சமமாயிருப்பதால் ஒலிபெருக்கி அமைதியாயிருக்கிறது. ஒன்றை ஏர்த்தில் மாட்டினாற் சமன் போயிற்று; சில்லும் போம்.

மன்னாருக்கே உரிய இடர் ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. இத்தீவிற் சோளகக் காற்று வீசும் மாதங்களில் மணலும் உப்பும் சாவித் துளைக்குள்ளும் போய்ச் சேரும். செப்புக் கம்பியின் வெட்டுமுனை சில கிழமையிலேயே பச்சைக் களிம்பு கொள்ளும். வானின் ஏர்த்து ஆணியடியிற் பூச்சின் கீழே துருப் படர்ந்திருக்கும். பெட்டியைப் பூட்டியவுடன் நன்றாகப் பாடி, மூன்று மாதத்தில் எஞ்சின் வேகத்தோடு ஏறியிறங்கும் ஒரு சீழ்க்கையொலி கேட்கத் தொடங்கினால், பெட்டியைச் சந்தேகிக்குமுன் அந்த ஆணியைக் கழற்றிப் பாருங்கள். நாங்கள் ஏர்த்து இடத்தை அரத்தாற் சுரண்டி வெற்றிரும்பு தெரியச் செய்து, புது ஆணியிட்டு, மேலே கிறீசு பூசினோம். மூட்டுகளை முறுக்கி விடாமல் ஈயம் பற்றவைத்துக் குழாயுறை இட்டோம். நீலம் இங்கே வேண்டப்படாதது. அதன் முனையைத் தனியே சுற்றி வைத்தோம்.

பெட்டியின் வானொலி பற்றி மருமகனுக்கு ஒரு மனக்குறை. யப்பானில் எப்.எம். ஒலிபரப்பு நெடுங்காலம் 76 முதல் 90 மெகாஹேர்ட்சு வரைக்குமே அமைந்திருந்தது. நம் நாட்டிலோ 87.5 முதல் 108 வரை. ஆகவே அந்நாட்டுப் பெட்டியில் நம் நிலையங்களின் ஓர் ஓரம்தான் அகப்படும். அலைவரிசையை இறக்கித் தரும் சிறு கருவி ஒன்றை ஏரியலிற் சேர்த்தால் தீரும். மத்திய அலைக்கு அந்த இடரில்லை. உப்புநீர் மின்னை நன்கு கடத்துவதால் மத்திய அலை, தரையிலும் கடல்மேல் நெடுந்தொலைவு தளராது செல்லும். எங்கள் இளமையிற் கொழும்பு நிலையத்தினும் திருச்சி நிலையம் மன்னாரிலே தெளிவாயிருந்ததற்கு அதுவே காரணம். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. 1980களில் இராமேச்சுரக் கப்பலும் நின்றது. அதன்பின் அக்கரையிலிருந்து நாள்தோறும் தவறாது வந்து சேர்ந்தது அந்த ஒலி ஒன்றே.

நாடாவை நாங்கள் உடனே இடவில்லை. மதுசாரம் தோய்ந்த பஞ்சாற் பெட்டியின் நாடாத் தலையையும் உருளையையும் துடைத்து, போனாற் போகட்டும் என்ற வேறொரு கசெற்றை முதலில் இருபுறமும் ஓடவிட்டோம். பழைய பெட்டிகள் நாடாவை விழுங்கிவிடுவதுண்டு. அரைமணி ஓடி, சுருங்காமல் வெளியே வந்தது. பின்னரே விசுக்கோத்துத் தகரம் திறக்கப்பட்டது.

தங்கை நடு ஆசனத்தில் இருந்தாள். தொடக்கத்தில் வெறும் இரைச்சல். பின் ஓர் இருமல்; அதன்பின் அவர் குரல். பெரிய செய்தி எதுவுமில்லை. கூரைக்கு ஓலை போட்டாயிற்றா, மறி ஆடு குட்டி ஈன்றதா, மூத்தவனின் காய்ச்சல் தணிந்ததா என்று கேட்டுக்கொண்டே போனார். ஒவ்வொரு கேள்விக்குப் பின்னும் விடைக்கு இடம் விட்டுச் சற்றுப் பொறுத்தார். அந்த மூத்தவன் இப்போது சாரதி ஆசனத்திலே கைகளைச் சுக்கானில் வைத்தபடி அசையாதிருந்தான். தங்கை ஒருமுறை மட்டும், “கொஞ்சம் கூட்டிவிடு தம்பி” என்றாள். மூன்றாவது கேள்விக்குப் பின் அவர் பொறுத்த இடைவெளியில், “தணிஞ்சுது” என்று அவள் மெல்லச் சொன்னது எனக்குக் கேட்டது.

மறுநாட் காலை, பெட்டியை அதன் குழிக்குள் தள்ளி இறுக்குமுன், வானின் கம்பிகள் பன்னிரண்டையும், ஒவ்வொன்றும் எதற்குரியதென்பதையும், பெட்டியின் எந்தக் கம்பியோடு சேர்ந்ததென்பதையும் தடித்த தாளொன்றில் எழுதினேன். பின் இட ஒலிபெருக்கியின் முனைகள் திருத்தப்பட்டதையும், ஏர்த்து ஆணி இருக்கும் இடத்தையும், திகதியையும் கீழே குறித்தேன். மருமகன் அதனைப் பொலிதீனிற் சுற்றிப் பெட்டியின் மேல்மூடியில் ஒட்டினான். அடுத்தமுறை அதனைக் கழற்றப் போகிறவர் எவரோ, அவர் கண்ணில் முதலிற் படும்.